நேரம் கணக்கிடும் குழு சைக்கிள் ஓட்டம்: எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கும் வழி

நேரம் வைத்து நடத்தும் குழு சைக்கிள் நிகழ்ச்சியில் கோளாறு கண்ணில் படும் இடமும் கோளாறு பிறந்த இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். முடிவுக் கோட்டில் பட்டியல் தப்பாக வருகிறதே என்று ஒவ்வொருவரின் சைக்கிளிலோ எண் அட்டையிலோ இருக்கும் சிப்பை வாசிக்கும் ‘மேட்’ என்ற தரை விரிப்பையும் ஆன்டெனாவையும் புரட்டிக்கொண்டிருப்பார்கள். காரணமோ முந்தின நாள் மாலை எண் அட்டை கொடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இங்கே அறிகுறியை முன்னால் வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் போகிறேன். ஏற்கெனவே ஒரு நிகழ்ச்சி நடத்தி அடிபட்டவர்கள் தங்கள் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம். இனிமேல்தான் நடத்தப்போகிறீர்கள் என்றால் முழுவதையும் படித்துவிடுங்கள். இதில் பாதி முந்தின நாளே செய்து முடிக்க வேண்டிய வேலை.

நேர ஓட்டம் என்ற பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு முதலில் வருபவர் வெல்லும் பந்தயம் ஒன்று. அணி அணியாக இடைவெளி விட்டுப் புறப்படும் டீம் டைம் டிரையல் இன்னொன்று. குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால் போதும், யார் முதல் என்ற கேள்வியே கிடையாது என்னும் நெடுந்தூர பிரெவே மூன்றாவது. உங்களுடையது எது என்று விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லாவிட்டால், கீழே இருக்கும் பாதி அறிகுறிகள் தானாகவே வந்து சேரும்.

அறிகுறி: எல்லோருடைய நேரமும் ஒரே அளவு தப்பாக இருக்கிறது

இருப்பதிலேயே நல்ல அறிகுறி இதுதான். வரிசை சரியாக இருக்கிறது, கூட்டவோ கழிக்கவோ வேண்டியது ஒரே ஓர் எண் மட்டும்.

வித்தியாசம் சரியாக ஒரு மணி நேரம் என்றால், ஏதோ ஒரு கருவியில் நேர மண்டலமோ கோடைகால நேர மாற்றமோ தப்பாக இருக்கிறது. மூன்று நான்கு நிமிடம் என்றால், அறிவித்தபடி 6:00 மணிக்குப் புறப்படாமல் 6:04-க்குப் புறப்பட்டிருப்பீர்கள். மென்பொருளில் அந்த 6:00 அப்படியே இருக்கிறது. மைக்கில் பேசியவரின் உரை நீண்டுவிட்டது, யாரும் கணினியில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான் கதை.

சில வினாடிகள் மட்டும் தப்பு என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனிக் கருவிகள் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை பிசகக்கூடும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1.7 வினாடி. இரண்டு கடிகாரம் எதிரெதிர்த் திசையில் பிசகினால் இரட்டிப்பு. 1989 டூர் டி பிரான்ஸில் கிரெக் லெமாண்ட் லோரான் ஃபிக்னோனை வென்ற வித்தியாசம் மொத்தம் 8 வினாடி. மூன்று வாரம் ஓட்டிய பிறகு! வினாடிகளை அலட்சியமாக நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

சரிசெய்யும் வழி: நிகழ்ச்சி நாள் காலையில் எல்லாக் கருவிகளையும் ஒரே மேசையில் வைத்து ஜிபிஎஸ் நேரத்தோடு பொருத்துங்கள். அப்புறம் எல்லாத் திரையும் ஒரே சட்டகத்தில் விழும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதேபோல் இன்னொன்று. இரண்டு படமும் கையில் இருந்தால், எவ்வளவு பிசகியது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று: நெடுந்தூர ஓட்டத்தில் ஒருவர் 25 மணி நேரத்தில் முடித்தார், ஆனால் பட்டியலில் 1 மணி என்று இருக்கிறது. கருவி மேல் தப்பில்லை. விரிதாளில் அந்தக் கட்டம் நாளின் நேரம் காட்டும் வடிவில் இருக்கிறது; 24-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். கழிந்த நேரம் காட்டும் வடிவுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: சிலருக்கு மட்டும் நேரமே பதிவாகவில்லை

அதிகம் பார்க்கும் நோய் இது. வாடகைக்கு எடுக்கும் பெரும்பாலான சிப்கள் பேட்டரி இல்லாத அல்ட்ரா ஹை ஃப்ரீக்வன்சி வகை. 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்பவை. மேட்டிலிருந்து வரும் அலையையே உணவாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். இந்த அலைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்ணீர்; மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான். இன்னொன்று மின்சாரம் கடத்தும் பொருள். அலுமினியம், எஃகு மட்டுமல்ல, கார்பன் ஃபைபரும் கடத்தும். அதனால் “என் சைக்கிளில் உலோகமே இல்லையே” என்று சொல்பவரின் சிப்பும் வாய் திறக்காமல் போகும்.

யாருக்கெல்லாம் விடுபட்டது என்று பட்டியல் எடுத்து, அவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

விடுபட்டவர்கள் அங்கொருவர் இங்கொருவராக இருந்தால் சிப் ஒட்டிய விதத்தில் கோளாறு. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டில் சுற்றும் ஸ்டிக்கர் சிப்பைப் பலர் நன்றாக இழுத்து, குழாயோடு ஒட்ட அழுத்தித் தேய்த்து ஒட்டுவார்கள். அங்கேதான் போச்சு. அந்த ஸ்டிக்கரின் இரு நுனிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சிப் இருக்கும் பகுதி கொடிபோலக் குழாயிலிருந்து விலகி நிற்க வேண்டும். முதுகில் குத்தும் எண் அட்டையில் சிப் இருந்தால் அட்டைக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் இருக்கிறதா, வீரர் அதை மடித்துப் பாக்கெட்டுக்குள் செருகினாரா என்று கேளுங்கள். காற்றுக்கு அடிக்கிறது என்று மடிப்பவர்கள் நிறையப் பேர்.

விடுபட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தவர்கள் என்றால் கூட்டம்தான் காரணம். முப்பது பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு கோட்டைத் தாண்டும்போது நடுவில் இருப்பவரின் சிப்பை மற்றவர்களின் உடம்பு மறைக்கும். இதற்கு மருந்து ஒற்றை மேட்டை நம்பாமல் இருப்பது. முதல் மேட்டிலிருந்து சில மீட்டர் தள்ளி இரண்டாவது மேட், அல்லது பக்கவாட்டில் ஒரு ஆன்டெனா. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடித்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி மின்சாரம் இருக்கட்டும். ஒரே பெட்டியில் இரண்டையும் செருகினால் அந்தப் பெட்டி உறையும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

விடுபட்டவர்கள் எல்லோரும் சாலையின் ஒரே ஓரத்தில் வந்தவர்கள் என்றால் அந்தப் பக்கத்து ஆன்டெனா கேபிளைப் பாருங்கள். இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது யாரோ மேட்டின் மேல் வண்டியை ஏற்றியிருப்பார்கள்.

சரி, நேரம் போய்விட்டது. இப்போது எப்படி மீட்பது? கையால் எழுதிய பட்டியல் இருந்தால் மீட்கலாம். அந்தப் பட்டியலை எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் எல்லோரும் இதைத் தப்பாகவே செய்கிறார்கள். ஒரே ஆளிடம் “எண்ணையும் நேரத்தையும் எழுது” என்று சொன்னால், பத்துப் பேர் சேர்ந்து வந்ததும் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வேலையைப் பிரியுங்கள். முதலாமவர் கோட்டையே பார்த்துக்கொண்டு எண்ணை உரக்கச் சொல்லட்டும். இரண்டாமவர் தலையைத் தூக்காமல் எழுதட்டும். மூன்றாமவர், யார் என்ன எண் என்று கவலைப்படாமல், ஒவ்வொரு சக்கரமும் தாண்டும்போது நிறுத்துக் கடிகாரத்தின் லேப் பொத்தானை மட்டும் அழுத்தட்டும். முடிவில் உங்களிடம் இரண்டு பட்டியல் இருக்கும்: எண்களின் வரிசை, நேரங்களின் வரிசை. இரண்டின் எண்ணிக்கை அநேகமாகப் பொருந்தாது. யாரோ ஒருமுறை கூடுதலாக அழுத்தியிருப்பார். பயப்பட வேண்டாம். சிப் ஒழுங்காகப் பதிவானவர்களை நங்கூரமாக வைத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை மட்டும் சரிபாருங்கள். எங்கே ஒன்று கூடியது, எங்கே குறைந்தது என்று கண்ணுக்கே தெரியும்.

இதற்கு மேல் ஒரு வீடியோ. கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் ஒன்று, எண் தெரியும்படி எதிரே ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத் திரை சட்டகத்தின் மூலையில் விழட்டும்.

அறிகுறி: ஒருவர் 100 கிலோமீட்டரை நான்கு நிமிடத்தில் முடித்திருக்கிறார்

பதிவானது குறைந்தால் ஒரு தலைவலி, கூடினால் இன்னொரு தலைவலி. தொடக்கமும் முடிவும் ஒரே மேட் என்றால், புறப்பட்டவர் கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாலே ஆட்டம் முடிந்தது. இரண்டாவது குழுவாகப் புறப்பட வேண்டியவர்கள் முதல் குழு கிளம்பும்போது மேட்டுக்கு அருகில் நின்றாலும் இதே கதைதான். சிப் வாசிக்கும் எல்லை மேட்டோடு நின்றுவிடாது, சில மீட்டர் வரை நீளும். முடித்தவர்கள் சைக்கிளை முடிவுக் கோட்டு வேலியிலேயே சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். அந்தச் சைக்கிளிலிருக்கும் சிப் விநாடிக்கு விநாடி “நான் வந்துவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

மென்பொருளில் மூன்று விதி போட்டால் பெரும்பாலும் தீரும். தொடக்க மேட்டில் ஒருவரின் *கடைசி* வாசிப்பை எடுங்கள். முடிவு மேட்டில் *முதல்* வாசிப்பை எடுங்கள். இந்த நேரத்துக்கு முன் முடிவு வாசிப்பு வந்தால் ஒதுக்கிவிடு என்று ஒரு குறைந்தபட்ச நேரம் கொடுங்கள். 100 கிலோமீட்டரை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலும் இரண்டு மணி நேரம் ஆகும்; உங்கள் கூட்டத்தில் யாரும் அதைவிட வேகமாக வரமாட்டார்கள் என்றால் அதையே எல்லையாக வையுங்கள். சுற்றுப் பந்தயம் என்றால் ஒரு சுற்றுக்கான குறைந்தபட்ச நேரம்.

மேட்டிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் வரை யாரும் நிற்காதபடி வேலி. இது விதி அல்ல, வேலி; அறிவிப்புப் பலகை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

அறிகுறி: ஆண்கள் பிரிவில் ஒரு பெண் வென்றிருக்கிறார், அவர் கணவர் பெண்கள் பிரிவில் மூன்றாவது

சிரிப்பாக இருக்கும், பரிசளிப்பு மேடையில் மட்டும் சிரிப்பு வராது. ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள், ஒரே அறையில் தங்கிய நண்பர்கள் இரண்டு உறைகளை மேசையில் வைத்து மாற்றி எடுத்துவிட்டார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு இதைத் திருத்துவது சுலபம். முன்கூட்டியே பிடிப்பது அதைவிடச் சுலபம்: உறை கொடுக்கும்போது சிப்பை ஒரு கையடக்க வாசிப்பானில் காட்டி, திரையில் அவர் பெயரும் பிரிவும் வருவதை அவரே பார்க்கும்படி செய்யுங்கள். ஆளுக்குப் பத்து வினாடி பிடிக்கும்.

பெயர்கள் ஒன்றிரண்டு அல்ல, பட்டியல் முழுவதுமே மாறிக் கலைந்திருந்தால் யாரோ விரிதாளில் ஒரு பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பழைய கோப்பை எடுங்கள், வேறு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. சிப்பின் உள் எண் பதினாறடிமான முறையில் இருக்கும். அதில் எண்களோடு ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். இரு பக்கமும் எண்கள், நடுவில் ‘இ’ என்ற எழுத்து மட்டும் வந்தால், விரிதாள் அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு வேறு எண்ணாக்கிவிடும். முன்னால் பூஜ்ஜியம் வரும் எண்களில் பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும். இருநூறு சிப்பில் ஏழெட்டு மட்டும் “யாரென்று தெரியவில்லை” என்று வந்தால் முதலில் இங்கே பாருங்கள். அந்தப் பத்தியை எண் அல்ல, எழுத்து என்று குறித்த பிறகுதான் கோப்பைத் திறக்க வேண்டும். திறந்து சேமித்த பிறகு மாற்றிப் பயனில்லை.

அறிகுறி: கடைசி வேகப் பாய்ச்சலான ஸ்பிரிண்டில் வந்த வரிசையும் சிப் சொல்லும் வரிசையும் வேறு

சைக்கிள் பந்தயத்தில் கோட்டைத் தொட்டது என்றால் முன் சக்கரத்தின் டயர் முன்விளிம்பு கோட்டுக்கு வந்தது என்று பொருள். சிப் அங்கே இல்லையே. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியில் கட்டியிருந்தால் டயர் விளிம்பிலிருந்து சுமார் 34 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. சீட் போஸ்டில் இருந்தால் அதற்கும் முக்கால் மீட்டர் பின்னால். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 15 மீட்டர் போகிறது வண்டி. அந்த முக்கால் மீட்டர் 0.05 வினாடி. ஆக, அரைச் சக்கரம் முந்தி வந்தவரின் சிப் சீட் போஸ்டிலும், தோற்றவரின் சிப் ஃபோர்க்கிலும் இருந்தால் கணினி தோற்றவரை வெல்ல வைத்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில், ஒரே உயரத்தில் கட்ட வைப்பது முதல் வேலை. அப்போதும் மேடை ஏறும் இடங்களைச் சிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், கேமரா வேண்டும். சாதாரண வீடியோ வினாடிக்கு 30 சட்டகம் எடுக்கும். அதே 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே சைக்கிள் அரை மீட்டர் நகர்ந்துவிடும். கைபேசியில் 240 சட்டக ஸ்லோ மோஷன் இருந்தால் அது ஆறு சென்டிமீட்டராகக் குறையும். சிறிய நிகழ்ச்சிக்கு இது தாராளம், ஆனால் கேமரா கோட்டின் நீட்சியிலேயே நிற்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்றாலும் பார்வைக் கோணம் அருகில் இருப்பவருக்கு ஆதரவாகப் பேசும். பெரிய பந்தயங்களில் கோட்டை மட்டும் மெல்லிய கீற்றுகளாக வினாடிக்கு ஆயிரக்கணக்கில் பதியும் ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா வைப்பார்கள்.

முதல் பத்துக்குப் பின்னால் வருபவர்களைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே கூட்டமாக வந்தவர்களுக்கு ஒரே நேரம் கொடுப்பது சாலைப் பந்தயத்தில் நெடுங்கால வழக்கம். கடைசி நூறு மீட்டரில் ஐம்பதாவது இடத்துக்கு யாரும் உயிரைப் பணயம் வைக்காமலிருக்க அதுவே நல்லது. புறப்பாட்டு வெடிச் சத்தத்திலிருந்து எண்ணும் நேரமா, ஒவ்வொருவரும் தொடக்க மேட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணும் நேரமா என்பதையும் முன்பே அறிவித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், பரிசுக்கு முன்னது, சான்றிதழுக்குப் பின்னது. பின்னதை வைத்துப் பரிசு கொடுத்தால், யார் யாரோடு போட்டி போடுகிறார்கள் என்று சாலையில் யாருக்கும் தெரியாது.

அறிகுறி: டீம் டைம் டிரையலில் அணிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன

இடைவெளி போதவில்லை, அல்லது வரிசை தப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 40 கிலோமீட்டர் பாதை. ஓர் அணி மணிக்கு 36 கிலோமீட்டர், பின்னால் வரும் அணி 40. முன்னவர்களுக்கு 66 நிமிடம் 40 வினாடி, பின்னவர்களுக்குச் சரியாக 60. இரண்டு நிமிட இடைவெளியில் அனுப்பினால் 12-வது கிலோமீட்டரிலேயே பிடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் மெதுவான அணி வேகமானவர்களின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு வரும். தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் நேரம் பொய்.

மெதுவான அணியை முதலில் அனுப்பி, வேகம் கூடக் கூடப் பின்னால் வைப்பது வழக்கம். பதிவின்போது அணிகள் சொல்லும் வேகத்தை நம்பாதீர்கள். பெருமைக்குக் கூட்டியும் சொல்வார்கள், வசதியான இடம் கிடைக்கக் குறைத்தும் சொல்வார்கள். முந்தைய நிகழ்ச்சியின் நேரம் இருந்தால் அதுவே மேல். பக்கத்துப் பக்கத்து அணிகளின் எதிர்பார்ப்பு நேர வித்தியாசம் இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால் பிடிக்கும் பேச்சே எழாது. அதோடு, முந்தும் அணி சாலையின் எந்தப் பக்கம் போக வேண்டும், முந்தப்பட்ட அணி எவ்வளவு தூரம் பின்தங்கி நிற்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள்.

அணியின் நேரம் எத்தனையாவது ஆளின் சக்கரத்தில் நிற்கும் என்பதும் முன்பே முடிவாக வேண்டியது. ஆறு பேர் அணியில் நான்காவது ஆள் என்று வைத்தால் இரண்டு பேர் பின்தங்கலாம். அணிகளில் ஆள் எண்ணிக்கை வேறுபட்டால் இந்த விதியே சண்டைக்குக் காரணமாகும்; எண்ணிக்கையைச் சமமாக்கிவிடுவது ஒன்றே வழி.

அறிகுறி: பாதிப் பேர் வேறு வழியில் போய்விட்டார்கள்

அம்புக்குறி இல்லாத திருப்பத்தைத் தேடாதீர்கள். அநேகமாக அம்புக்குறி இருக்கும். தெரியும் இடத்தில் இருந்திருக்காது. காரில் போய் அம்புக்குறி ஒட்டுபவரின் கண்ணுக்கும், தலை குனிந்து முன்னால் இருக்கும் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வருபவரின் கண்ணுக்கும் நிறைய வித்தியாசம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். திருப்பத்தில் மட்டும் குறி இருந்தால், முன்னால் இருப்பவர் பார்த்துப் பின்னால் சொல்வதற்குள் கூட்டம் தாண்டிப் போயிருக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று வேண்டும்: நூறு மீட்டர் முன்னால் எச்சரிக்கை, திருப்பத்தில் அம்புக்குறி, திரும்பிய ஐம்பது மீட்டரில் “சரியான வழி” என்று உறுதி. கூட்டத்தின் வழக்கமே முன்னால் போகிறவனைப் பின்தொடர்வது என்பதால், தப்பாகத் திரும்பும் முதல் ஆள் எண்பது பேரை இழுத்துக்கொண்டு போவார். திருப்பத்தில் நின்று வழி காட்டும் மார்ஷலை நிறுத்த ஆள் குறைவு என்றால், நேராகப் போனாலும் சாலை நன்றாக இருக்கும் திருப்பங்களுக்கு முதலில் கொடுங்கள். அங்கேதான் தவறுவார்கள்.

வழி தெரியாத ஒருவரை முந்தின நாள் ஓட்டச் சொல்லி, அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியன்று விடியற்காலை முழுப் பாதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அம்புக்குறிகள் ராத்திரியில் காணாமல் போகும், திரும்பிக்கொள்ளும். பாதையை ஜிபிஎஸ் கருவியில் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கொடுத்திருந்தால், கடைசி நேரத்தில் பாதையை மாற்றியபோது கோப்பையும் மாற்றினீர்களா, பழைய இணைப்பு இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டு பதிப்பு சுற்றிக்கொண்டிருந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும்.

குறுக்கு வழியில் யாரோ வந்துவிட்டார் என்ற புகாருக்கு, அறிவிக்காத இடத்தில் ஒரு சிறு மேட்டோ எண் எழுதும் ஆளோ வைப்பது போதும்.

அறிகுறி: முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே விழுந்து எழுகிறார்கள்

புத்துணர்வு, பதற்றம், குறுகலான சாலை மூன்றும் சேரும் இடம். முன்னால் ஒரு வழிகாட்டி வண்டியை விட்டு, அதை யாரும் முந்தக்கூடாது என்று அறிவித்து, சாலை அகலமாகும் இடம் வரை மெதுவாகக் கூட்டிப்போங்கள். நேரம் அங்கிருந்து தொடங்கட்டும். அதற்கேற்ப தொடக்க மேட்டையும் அங்கே கொண்டுபோங்கள். வேகத்தடை, வடிகால் மூடி, ரயில்வே தண்டவாளம் முதல் ஐந்து கிலோமீட்டரில் இருந்தால் பாதையை மாற்றுவதே உத்தமம். வேகமானவர்களை முன்னால் நிறுத்துவது முகத்தாட்சண்யம் பார்க்கும் விஷயமல்ல. பின்னால் நிறுத்தினால் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னேறுவார்கள்.

அறிகுறி: தண்ணீர் நிறுத்தத்தில் கூட்டம் நெரிகிறது, நேரம் கெடுகிறது என்று கூச்சல்

மொத்த ஆட்களைக் கணக்கில் எடுத்திருப்பீர்கள், ஒரே நேரத்தில் வரும் ஆட்களை எடுத்திருக்கமாட்டீர்கள். அறுபது பேர் கூட்டம், ஆளுக்கு இரண்டு பாட்டில், ஒரு பாட்டில் நிரம்ப 20 வினாடி. ஒரே குழாய் என்றால் 40 நிமிடம். பத்துக் குழாய் என்றால் நான்கு நிமிடம். தண்ணீரின் அளவைவிடக் குழாய்களின் எண்ணிக்கைதான் இங்கே முக்கியம்.

நிறுத்தம் திறந்திருக்கும் நேரமும் இதே மாதிரிதான். 60-வது கிலோமீட்டர் நிறுத்தத்துக்கு மணிக்கு 35 கிலோமீட்டரில் வருபவர் 1 மணி 43 நிமிடத்தில் வந்துவிடுவார். 15-ல் வருபவர் நான்கு மணி நேரத்தில். கடைசியில் வருபவருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை. அவர் வரும்போது மேசையை மடித்துக்கொண்டிருப்பார்கள், பல இடங்களில் பார்க்கும் காட்சி இது.

அறிகுறி: கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய கெடு நேரத்தில் தகராறு

பிரெவே நடத்துபவர்களுக்கு இது ஆயத்தமாகவே தீர்ந்திருக்கிறது. பாரிஸின் சைக்கிள் சங்கமான ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40, 1000-க்கு 75. நடுவில் வரும் சோதனைச் சாவடிகளுக்கு 600 கிலோமீட்டர் வரை சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கு. ஆனால் முதல் 60 கிலோமீட்டருக்குள் சாவடி வந்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வகுத்து அதோடு ஒரு மணி நேரம் கூட்டுவார்கள். ஏனென்றால் தொடக்கச் சாவடியே ஒரு மணி நேரம் திறந்திருக்கும். 15-வது கிலோமீட்டர் சாவடியை ஒரு மணி நேரத்தில் மூடினால், கடைசி நிமிடத்தில் கிளம்பியவர் போவதற்கு முன்பே அது மூடியிருக்கும். 60-ல் இரண்டு கணக்கும் நான்கு மணி என்று சேர்ந்துகொள்ளும்.

சொந்த விதி வகுப்பவர்களும் இந்தத் தர்க்கத்தைக் கடன் வாங்கலாம். பாதையின் பெரிய ஏற்றம் எந்தச் சாவடிக்கு முன்னால் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீரான சராசரி வேகத்தில் போட்ட கட்-ஆஃப், ஏற்றத்தின் உச்சியில் இருக்கும் சாவடியில் நியாயமில்லாமல் வெட்டும்.

அறிகுறி: ஒருவரைக் காணோம்

மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான். புறப்பட்டவர்கள் எண்ணிக்கை, முடித்தவர்கள், பாதியில் விலகியவர்கள், சாலையில் இருப்பவர்கள் மூவரின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லை என்று எப்போது தெரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இருட்டிய பிறகு முடிவுக் கோட்டில் தெரிந்தால் நூறு கிலோமீட்டரைத் தேட வேண்டும். ஒவ்வொரு சாவடியும் மூடும்போதே எண்ணிப் பார்த்திருந்தால் இரண்டு சாவடிகளுக்கு இடைப்பட்ட துண்டைத் தேடினால் போதும்.

முதலில் கடைசியாகப் பதிவான இடத்தைப் பாருங்கள். அப்புறம் அவர் கைபேசி. அழைப்பு போகாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள், பலவீனமான சிக்னலில் அது சேர்ந்துவிடும். அதோடு அவர் கொடுத்த அவசரத் தொடர்பு எண். அநேகமாக அங்கேதான் விடை கிடைக்கும்: களைத்துப்போய் வண்டி பிடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருப்பார். அப்படி இல்லை என்றால் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஸ்வீப் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அதே நேரத்தில் காவல்துறைக்கும் அருகிலுள்ள மருத்துவமனைகளுக்கும் சொல்லுங்கள். ஒன்று முடிந்து ஒன்று என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தப் பதற்றமே வராமலிருக்க, விலகுபவர் சிப்பையோ எண் அட்டையின் கிழிக்கும் துண்டையோ ஸ்வீப் வண்டியிலோ சாவடியிலோ கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி போடுங்கள். பதிவு செய்தும் புறப்படாமல் போனவர்களைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுங்கள். தேடப்படுபவர்களில் அன்று வரவே வராதவர்களும் இருப்பார்கள்.

அறிகுறி: நடுவில் மின்சாரம் போனது, அல்லது சாலைக்கு மேல் நிற்கும் காற்றடைத்த வளைவு சாய்ந்தது

ஜெனரேட்டரிலிருந்து நேராகக் கருவிக்குக் கொடுக்காமல் நடுவில் யுபிஎஸ் வையுங்கள். எரிபொருள் நிரப்பும் நேரத்தையும் அது தாங்கும். காற்றடைத்த வளைவின் ஊதியையும் நேரக் கருவியையும் ஒரே இணைப்பில் போடாதீர்கள். அந்தக் கம்பி பொதுமக்கள் நடக்கும் இடத்திலும் போகக்கூடாது. 2016 டூர் டி பிரான்ஸின் ஏழாவது கட்டத்தில் கடைசிக் கிலோமீட்டரைக் காட்டும் காற்றடைத்த வளைவு, பார்வையாளர் ஒருவரின் பெல்ட் சிக்கியதால் தளர்ந்து, தனியாக முன்னால் வந்துகொண்டிருந்த ஆடம் யேட்ஸ் மேல் விழுந்தது. முடிவுக்கு 3 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் குறியில் நேரத்தை எடுத்துச் சமாளித்தார்கள். அந்த மாதிரி ஒரு மாற்றுப் புள்ளி உங்களுக்கும் இருக்கட்டும்: முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்னால், பேட்டரியில் ஓடும் ஒரு சிறு வாசிப்பான். முடிவு மேட் முழுவதும் செத்துவிட்டாலும் பட்டியல் வரும்.

அறிகுறி: முடிவு வெளியானது, புகார் மேல் புகார்

முதலில் வெளியிடும் பட்டியலின் தலையில் “தற்காலிகம்” என்று போடுங்கள், எத்தனை மணி வரை ஆட்சேபம் ஏற்கப்படும் என்றும் எழுதுங்கள். வரும் புகாரை யாராவது ஒருவரே கேட்கட்டும். நேரக் கருவியில் உட்கார்ந்திருப்பவரிடம் கூட்டம் போகவே கூடாது. புகார் சொல்பவரின் கைக்கடிகாரமோ ஜிபிஎஸ் கருவியோ காட்டும் நேரம், அவர் நின்றிருந்தபோது தானாக நின்று மறுபடி ஓடும் அமைப்பில் இருந்தால், சிப் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். மொத்த நேரத்தைக் காட்டச் சொன்னால் பெரும்பாலான புகார்கள் அங்கேயே அடங்கிவிடும். அடங்காதவற்றுக்கு வீடியோவைப் பாருங்கள், திருத்துங்கள், யார் எப்போது எதைத் திருத்தினார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வாசிப்பானிலிருந்து வந்த மூலக் கோப்பில் மட்டும் கை வைக்காமல், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். ஆட்சேப நேரம் முடிந்ததும் “தற்காலிகம்” என்பதை எடுத்துவிடலாம்.